எண்ணெய்க் கறையும் எங்கள் மெக்கானிக் பாயும்

இது நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள். மற்றவர்கள் வழக்கம்போல் ஒரு லைக் போட்டுவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன நவம்பரில் பர்மிங்காமில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். வகுப்பில் கடைசி பெஞ்ச், இப்போது ஐம்பதைத் தாண்டியவன். படத்தில் ஒரு பெரிய அட்டை, அதன்மேல் கறுப்பு கறுப்பாக எண்ணெய்த் திட்டுகள். "சார், ஆசைப்பட்டு ஒரு பழைய கார் வாங்கினேன். 1963 மாடல் எம்.ஜி.பி. ராத்திரி நிறுத்தினா காலையில இவ்வளவு ஆயில். இங்க கராஜ்ல கேட்டா இன்ஜினை இறக்கணும்னு சொல்றாங்க. நீங்க எங்களுக்குத் தொழிற்புரட்சி எடுத்தீங்களே, இந்த இங்கிலீஷ்காரன் ஏன் சார் இப்படிப் பண்ணினான்?" என்று கேட்டிருந்தான்.

வேடிக்கையாகத்தான் கேட்டான். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு வேறொரு கறை ஞாபகம் வந்துவிட்டது. ஆம்பூரில் எங்கள் வீட்டு வாசலில், சித்தப்பாவின் அம்பாசடர் நிற்கும் இடத்தில் இருந்த கறை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த இங்கிலீஷ்காரன் கதை.

எம்.ஜி. என்றால் நம் ஊரில் வேறு ஒருவர்தான் நினைவுக்கு வருவார். இது 'மோரிஸ் கராஜஸ்' என்பதன் சுருக்கம். ஆக்ஸ்போர்டில் வில்லியம் மோரிஸ் நடத்திய கார் விற்பனை நிலையத்தின் பெயர் அது. அங்கே மேலாளராக இருந்த செசில் கிம்பர், சாதாரண மோரிஸ் கார்களுக்கு அழகான உடல் கட்டி, கொஞ்சம் வேகமும் கூட்டி விற்கத் தொடங்கினார். வியாபாரம் பெருகியதும் 1929ல் பக்கத்து ஊரான அபிங்டனுக்குப் போனார்கள். அங்கே அவர்கள் பிடித்த இடம், பாவ்லோவா என்ற தோல் தொழிற்சாலையின் காலியாகக் கிடந்த ஒரு பகுதி. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் இதை ஒரு நிமிடம் ரசிக்கலாம். தோல் மீண்டும் ஒருமுறை இந்தக் கதையில் வரும்.

எம்.ஜி.பி. வந்தது 1962ல். 1980 அக்டோபர் வரை அதன் வகைகள் எல்லாம் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதில் பெரும்பங்கு அமெரிக்காவுக்குப் போனது. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் டாலர் சம்பாதிக்காத தொழிலுக்கு எஃகு ஒதுக்கீடே கிடைக்காது என்ற நிலைமை இருந்தது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த தொழில் அது. கார் அழகு, விலையும் கையைக் கடிக்காது, ஓட்டினால் உற்சாகம். நிறுத்தினால் மட்டும் சொட்டும். அதன் சொந்தக்காரர்களிடையே இன்றும் ஒரு கேலி உண்டு: அடியில் எண்ணெய் சொட்டவில்லையா, அப்படியானால் உள்ளே எண்ணெய் தீர்ந்துவிட்டது, போய்ப் பார்.

இந்தச் சொட்டுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், பிரிட்டிஷ் தொழிலாளிக்கு அக்கறை இல்லை, எப்போதும் வேலைநிறுத்தம், அதனால் தரம் போயிற்று என்பது. நானும் வகுப்பில் ஏறக்குறைய அப்படித்தான் சொல்லியிருப்பேன். மாணவனுக்குப் பதில் சொல்வதற்காக உட்கார்ந்து படித்தபோதுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது.

இன்ஜினுக்குள் கிராங்க் ஷாஃப்ட் என்று ஒரு தண்டு சுற்றுகிறது. பிஸ்டன்கள் மேலும் கீழும் போவதைச் சுழற்சியாக மாற்றுவது அதுதான். அதன் பின் முனை இன்ஜின் கூட்டைவிட்டு வெளியே வந்து, ஃப்ளைவீலையும் கிளட்சையும் சுற்ற வைக்க வேண்டும். உள்ளே முழுக்க எண்ணெய், வெளியே கிளட்ச். தண்டு வெளியே வரலாம், எண்ணெய் வரக் கூடாது. இதுதான் சிக்கல்.

இன்று அந்த இடத்தில் ரப்பர் உதடு போன்ற ஆயில் சீல் இருக்கும். ஸ்பிரிங் அழுத்தத்தில் தண்டோடு ஒட்டிக்கொண்டு எண்ணெயைத் தடுக்கும். ஆனால் அந்தப் பழைய வடிவமைப்பாளர்களிடம் இருந்தது தோலும் நமுத்தையும் தக்கையும்தான். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்டின் குறுக்களவு 7 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு சுமார் 22 செ.மீ. நிமிடத்துக்கு 5000 சுற்று என்றால் 1100 மீட்டர். மணிக்கு 66 கிலோமீட்டர். ஒரு தோல் துண்டைச் சூடான எஃகின்மேல் 66 கி.மீ. வேகத்தில் மணிக்கணக்காக உரசினால் என்ன ஆகும்? கருகிவிடும்.

ஆகவே அவர்கள் உரசாத ஒரு வழியைப் பிடித்தார்கள். தண்டின் பின் முனையில் திருகு மரை மாதிரி ஒரு பள்ளம் வெட்டினார்கள். அதைச் சுற்றி மயிரிழை இடைவெளி விட்டு ஒரு கூடு. தண்டு சுற்றும்போது, வெளியே வரப் பார்க்கும் எண்ணெயை அந்த மரை உள்பக்கமாகவே திருப்பித் தள்ளிவிடும். நைல் நதிக்கரையில் தண்ணீர் இறைத்த ஆர்க்கிமிடிஸ் திருகை ஏழாம் வகுப்பில் படம் போட்டுப் படித்தீர்களே, அதே தத்துவம். அதை அங்கே வயலுக்குத் தண்ணீர் ஏற்றப் பயன்படுத்தினார்கள், இங்கே எண்ணெயை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள. எதுவும் எதையும் தொடவில்லை. ஆகவே தேய்மானம் இல்லை, மாற்ற வேண்டிய பாகமும் இல்லை, செலவும் இல்லை. கெட்டிக்கார வேலை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் இதில் ஒரு குறை உண்டு. மரை, சுற்றும்போது மட்டும்தான் வேலை செய்யும். இன்ஜினை நிறுத்தினால் காவல்காரன் தூங்கிவிட்டான் என்று அர்த்தம். உள்ளே வடிந்துகொண்டிருக்கும் எண்ணெயில் கொஞ்சம் அந்த இடைவெளி வழியாக வெளியே கசியும். மேட்டில் மூக்கு மேலே பார்க்க நிறுத்தினால் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கசியும். இது பழுதே இல்லை. அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

செய்தவர்களுக்கு இது தெரியுமா? நன்றாகத் தெரியும். அதற்குச் சாட்சி இருக்கிறது. கிளட்ச் இருக்கும் கூட்டின் அடியில் ஒரு ஓட்டை போட்டு, அதில் ஒரு ஸ்ப்ளிட் பின்னைத் தளர்வாகத் தொங்கவிட்டிருப்பார்கள். பின் எதையும் பிடித்திருக்காது. வண்டி ஓடும்போது ஆடி ஆடி, ஓட்டை அழுக்கால் அடைபடாமல் பார்த்துக்கொள்ளும். அதுதான் அதற்கு வேலை. எண்ணெய் வரும் என்று தெரிந்து, அது போக வழி விட்டு, அந்த வழிக்கு ஒரு துப்புரவாளரையும் நியமித்திருக்கிறார்கள். வரலாற்று மாணவர்களுக்குச் சொல்வேன், ஆவணம் என்பது காகிதம் மட்டுமல்ல. அந்த இரண்டு அங்குல ஸ்ப்ளிட் பின்னும் ஓர் ஆவணம்தான்.

இந்த இடத்தில் நம்ம ஆள் ஒரு காரியம் செய்தான். அந்தப் பின்னை யாரோ மறந்து விட்டுப்போன பொருள் என்று நினைத்துப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஓட்டையைச் சிலிக்கான் பேஸ்ட் வைத்து அடைத்துவிட்டான். "சார், சொட்டுறது நின்னுடுச்சு!" என்று செய்தி. இரண்டு வாரம் கழித்து ஒரு மேட்டுச் சாலையில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி ஏறவில்லை. பின்னால் லாரி. எப்படியோ ஓரம் கட்டியிருக்கிறான். வெளியே போக வழியில்லாமல் தேங்கிய எண்ணெய் கிளட்சை நனைத்துவிட்டது. அடைப்பை எடுத்தபோது ஒரு டம்ளர் எண்ணெய் கொட்டியதாம். போனில் அவனைத் திட்டினேன். ஐம்பது வயதுக்காரனைத் திட்டக் கூடாதுதான், பழக்கம் போகவில்லை.

அதற்குப் பிறகு ஒழுங்காக உட்கார்ந்து, இருவரும் சேர்ந்து வேலை பார்த்தோம். அவன் அங்கே காருக்கு அடியில், நான் இங்கே நாற்காலியில். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதே, ஸ்டாண்ட் வை என்பது என் முதல் நிபந்தனை. பழைய பேக்கிங்கிலும் கிளட்சிலும் கல்நார் இருக்கலாம், உலர்ந்தபடி சுரண்டாதே, காற்றடித்து ஊதாதே என்பது இரண்டாவது.

எண்ணெய்க் கசிவில் கண் ஏமாற்றும். சொட்டு விழும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருக்காது. எண்ணெய் மேலிருந்து கீழே வழியும், வண்டி ஓடும்போது அடிக்கிற காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே எங்கே கசிந்தாலும் கடைசியில் பின்பக்கம் வந்துதான் சொட்டும். பார்க்கிறவர்கள் உடனே "பின் சீல் போச்சு, இன்ஜினை இறக்கு" என்பார்கள். பழைய வழி ஒன்று உண்டு. இன்ஜினை வெளியே நன்றாகக் கழுவி உலர்த்தி, சந்தேகப்படும் இடத்திலெல்லாம் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவி, சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்து பார்க்க வேண்டும். வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் ஆரம்பம். அவன் மனைவி அழகுசாதனப் பெட்டி காலியானது பற்றி என்னிடம் தனியாகப் புகார் செய்தாள்.

பார்த்ததில் கசிவு மூன்று இடத்தில் மேலே இருந்தது. ஒன்று, இன்ஜின் தலைமேல் உள்ள ராக்கர் கவர். இரண்டும் மூன்றும், பக்கவாட்டில் எக்ஸாஸ்ட் குழாய்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இரண்டு டேப்பட் கவர்கள். மூன்றுக்கும் தக்கை பேக்கிங். இவற்றில் சொட்டு வந்தால் மனிதன் என்ன செய்வான்? ஸ்பேனரை எடுத்து இன்னும் ஒரு சுற்று முறுக்குவான். அறுபது வருடமாக, எத்தனையோ கைகள் மாறி, ஒவ்வொருவரும் ஒரு சுற்று. அந்த மூடிகள் மெல்லிய தகடு. முறுக்க முறுக்க போல்ட் இருக்கும் இடம் குழிந்து, ஓரம் மேலே வளைந்து, கசிவு கூடும். சிலிண்டர் ஹெட் நட்டுக்கு 45 முதல் 50 பவுண்டு-அடி வரை முறுக்கச் சொல்லும் கையேடு, ராக்கர் கவர் நட்டுக்குச் சொல்வது வெறும் 4. விரலால் திருகியது போக இன்னும் கொஞ்சம், அவ்வளவே.

இன்னொரு கூத்து. அவன் கையில் இருந்தது மில்லிமீட்டர் ஸ்பேனர் செட். அந்தக் காரின் போல்ட்டெல்லாம் அங்குலக் கணக்கு. அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. அதில் 13ஐ மாட்டித் திருகினால் நழுவி, மூலை மழுங்கி, பிறகு எந்த ஸ்பேனரும் பிடிக்காது. முந்தைய சொந்தக்காரர்களில் யாரோ அந்தப் புண்ணியத்தை ஏற்கெனவே செய்து வைத்திருந்தார்கள்.

மூடிகளைக் கழற்றி, ஒரு மரக்கட்டையில் வைத்து ஓரத்தைத் தட்டி நேராக்கினான். கண்ணாடிமேல் வைத்து வெளிச்சம் புகுகிறதா என்று பார்க்கச் சொன்னேன். புதுத் தக்கை பேக்கிங்கை மூடிப் பக்கம் மட்டும் பசை போட்டு ஒட்டி, இன்ஜின் பக்கம் எண்ணெய் தடவி உட்கார வைத்தான். சிலிக்கான் பேஸ்ட்டைப் பல்பசை மாதிரிப் பிதுக்க வேண்டாம் என்று கண்டித்துச் சொன்னேன். உள்பக்கம் பிதுங்கும் பசை பிய்ந்து சம்ப்பில் விழுந்தால், எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். சொட்டை நிறுத்தப் போய் இன்ஜினையே நிறுத்தின கதையாகிவிடும்.

இதைவிட முக்கியமானது பிரீதர். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே கொஞ்சம் புகை எப்போதும் கீழே நழுவும். அது வெளியேற வழி வேண்டும். அந்தக் காலத்து வழி மிக எளிது: பக்க மூடியிலிருந்து ஒரு குழாய், காருக்கு அடியில் திறந்தபடி. ஓடும்போது கீழே போகும் காற்று புகையை உறிஞ்சிக்கொண்டு போகும். புகையோடு எண்ணெய்த் துளியும் சாலையில் விழும். உலகம் முழுவதும் கார்கள் அப்படித்தான் செய்தன. பழைய நெடுஞ்சாலைகளில் ஒவ்வொரு தடத்தின் நடுவிலும் ஒரு கறுப்புக் கோடு இருக்கும், பார்த்திருப்பீர்கள். 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியா, லாஸ் ஏஞ்சலஸ் நகரின் புகைமூட்டத்தைத் தாங்க முடியாமல், இந்தப் புகையை இன்ஜினே திரும்ப உறிஞ்சி எரிக்க வேண்டும் என்று கேட்கத் தொடங்கியது. 1964ல் எம்.ஜி.பி.யிலும் அந்த ஏற்பாடு வந்தது. நம்ம ஆளின் கார் 1963. பழைய குழாய். கழற்றிப் பார்த்தால் உள்ளே கறுப்புப் பிசின் கட்டி, சுண்டுவிரல் நுழையாத அளவுக்கு அடைப்பு. புகை வெளியேற முடியாமல் உள்ளே அழுத்தம் ஏறி, ஒவ்வொரு பேக்கிங் வழியாகவும் எண்ணெயைப் பிதுக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. திருகு மரையால் இந்த அழுத்தத்தை எதிர்க்க முடியாது. மண்ணெண்ணெயில் இரவெல்லாம் ஊறவைத்துச் சுத்தம் செய்தான். செலவு இல்லாத இந்த வேலைதான் பாதிக் கசிவை நிறுத்தியது.

இப்போது தோல் கதைக்கு வருகிறேன். ஜெர்மனியில் வைன்ஹைம் என்ற ஊரில் ஃப்ராய்டன்பெர்க் என்று ஒரு தோல் பதனிடும் நிறுவனம். 1929ல் உலகச் சந்தை சரிந்ததும் தோலுக்கு வேறு என்ன பயன் உண்டு என்று தேடினார்கள். அவர்களிடம் இருந்த வால்டர் சிம்மர் என்ற பொறியாளர், உலோகக் கூட்டுக்குள் தோல் உதடு வைத்து, சுற்றும் தண்டுக்கு ஒரு சீல் செய்தார். 1930களின் நடுவில் தோலுக்குப் பதில் செயற்கை ரப்பர் வந்தது. இன்று உலகத்து மெக்கானிக் கடைகளில் தொங்கும் ஆயில் சீல்களின் மூதாதைகளில் ஒன்று அப்படி ஒரு தோல் ஷெட்டிலிருந்து வந்தது. வேகத்தையும் சூட்டையும் தாங்கும் ரப்பர் மெல்ல மெல்லத்தான் கார் இன்ஜினின் பின் முனைக்கு வந்து சேர்ந்தது. எம்.ஜி.பி.யில் அது நடந்தது 1964 இறுதியில். மூன்று பேரிங்கில் சுற்றிய கிராங்க்கை ஐந்து பேரிங்குக்கு மாற்றியபோது, மரையை விட்டுவிட்டு ரப்பர் சீல் வைத்தார்கள். நம்ம ஆள் ஒன்றரை வருடம் பிந்திய காரை வாங்கியிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

ஆகவே தொழிலாளியின் அக்கறையின்மை என்று நான் சொல்லி வந்தது தவறு. ஓவியப் பலகையிலேயே முடிவான விஷயத்துக்கு, அசெம்பிளி லைனில் நின்றவன் என்ன செய்வான்? குறை சொல்வதானால் மேலே உட்கார்ந்திருந்தவர்களைச் சொல்லலாம். 1940களில் பிறந்த ஓர் இன்ஜினை 1980 வரை ஓட்டினார்களே, புது இன்ஜினுக்குப் பணம் போடாமல்.

அந்த இன்ஜினின் பூர்வீகத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கேதான் நம் வீட்டு வாசல் வருகிறது. 'பி-சீரிஸ்' என்று பெயர். பர்மிங்காமின் லாங்பிரிட்ஜில் இருந்த ஆஸ்டின் கம்பெனியின் 1947ஆம் ஆண்டு 1200 சிசி இன்ஜினின் வழித்தோன்றல். 1952ல் ஆஸ்டினும் மோரிஸும் இணைந்து பி.எம்.சி. ஆனபோது, ஆஸ்டின் இன்ஜின் மோரிஸ் வீட்டுக்கும் எம்.ஜி. வீட்டுக்கும் மருமகளாகப் போனது. 1955ல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் அது 1489 சிசி. அதே 1489 சிசி ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் காரோடு ஜப்பானுக்கும் போனது. நிஸ்ஸான் உரிமம் வாங்கிச் செய்தது. அவர்கள் அதோடு நிற்கவில்லை. டொனால்ட் ஸ்டோன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் யோசனைப்படி, அதே இன்ஜினைச் சிறிதாக்கி 1957ல் தங்கள் டாட்சன் காருக்கு வைத்தார்கள். அங்கிருந்து புதுப்புது இன்ஜினாகச் செய்துகொண்டே போய், 1969ல் டாட்சன் 240இசட் என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டு வந்தார்கள். ஏழு பேரிங், பின்னால் ரப்பர் சீல். எம்.ஜி. விற்ற அதே அமெரிக்கச் சந்தையில் அது புகுந்தது. கடன் கொடுத்தவன் கடையையே வாங்கிய கதை.

அதே 1489 சிசி கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவுக்கும் வந்தது. ஆமாம், அம்பாசடர். ஆரம்பத்தில் வேறு இன்ஜினோடு வந்த அந்த வண்டிக்கு 1959 வாக்கில் இந்த இன்ஜின் வைக்கப்பட்டது. நம் ஊர் டாக்டர்களும் கலெக்டர்களும் டாக்ஸிக்காரர்களும் ஓட்டியது ஒரு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜினின் உடன்பிறப்பை. சித்தப்பா உயிரோடு இருந்தால் இதைச் சொல்லி மகிழ்ந்திருப்பார். அவர் 40க்கு மேல் ஓட்டியதே இல்லை.

சித்தப்பாவின் வண்டி கைமாறி வாங்கியது. எழுபதுகளில் அதை வாடகைக்கு ஓட்டித்தான் எங்கள் கூட்டுக் குடும்பம் நடந்தது. என் கல்லூரிப் படிப்புக்கும் அதுதான் பணம். பைபாஸுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் வேலை பார்த்த ஒரு பாய்தான் எங்களுக்கு மெக்கானிக். ஒருமுறை ரிங் மாற்ற இன்ஜினை இறக்கினார். ஆறு நாள் வாடகை போயிற்று, கடன் வாங்கி முந்நூறு ரூபாய் கொடுத்தோம். வண்டி வந்தது, ஓட்டம் பிரமாதம். மறுநாள் காலை வாசலில் அதே எண்ணெய்க் கறை, பழைய இடத்திலேயே.

சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் போனேன். பி.ஏ. இரண்டாம் வருடம், வரலாறு, வாயில் நிறைய இங்கிலீஷ். பத்துப் பேர் பார்க்க, "இன்ஜினை இறக்கின நீங்க பின் சீலை மாத்தாம காசு வாங்கிட்டீங்க" என்றேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "தம்பி, அதுல சீலே கெடையாது. மரைதான் இருக்கும். ஓடும்போது நிக்கும், நிறுத்துனா சொட்டும். எத்தனை வாட்டி இறக்குனாலும் அவ்ளோதான்" என்றார். சீல் இல்லாத இன்ஜினா என்று நான் சிரித்தேன். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். அதன் பிறகு சித்தப்பாவை வற்புறுத்தி வண்டியை வேறு கடைக்கு மாற்றியதும் நான்தான். எங்களைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று டாக்ஸிக்காரர்களும் மாறினார்கள். புதுக் கடைக்காரர் சீல் மாற்றியதாகச் சொல்லி இரண்டு தடவை காசு வாங்கினார். கறை வாசலைவிட்டுப் போகவே இல்லை.

பாய் சொன்ன 'மரை' என்ற அதே சொல்லை, நாற்பத்தைந்து வருடம் கழித்து, பர்மிங்காம் காருக்காகப் படித்தபோதுதான் புரிந்துகொண்டேன். அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

அவருக்கு எந்தக் கையேடும் கிடையாது. இங்கிலாந்தில் அந்த வசதி வந்ததே தற்செயல்தான். ஜான் ஹேன்ஸ் என்ற விமானப்படை அதிகாரி ஏடனில் பணியில் இருந்தபோது, நண்பர் ஒருவரின் ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட் காரை, கம்பெனிப் புத்தகம் சரியாக உதவாததால், ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, படம் எடுத்து, திரும்பப் பூட்டினார். அதை வைத்து 1966ல் அவர் போட்ட முதல் கையேட்டின் 3000 பிரதிகள் மூன்று மாதத்துக்குள் தீர்ந்தன. அந்த ஸ்ப்ரைட்டிலும் பின்னால் இதே மரைதான். தன் வீட்டுக் கொட்டகையில் தானே காரைக் கழற்றும் ஒரு தலைமுறையை அந்தப் புத்தகங்கள் உருவாக்கின. எங்கள் பாய் அதையெல்லாம் விரலால் தடவிப் படித்திருந்தார்.

காருக்கு மீண்டும் வருவோம். பின் முனையில் மரைக்குப் பதில் ரப்பர் சீல் பொருத்தும் கிட்டுகள் இப்போது விற்கின்றன. ஆனால் இன்ஜினை இறக்க வேண்டும், லேத் வேலையும் உண்டு. கிராங்க் பேரிங் தேய்ந்து தண்டு ஆடினால் அந்தச் சீலும் நிற்காது. "என்றைக்காவது கிளட்சுக்கோ பேரிங்குக்கோ இன்ஜினை இறக்க வேண்டிவந்தால் அப்போது பார்க்கலாம். சொட்டுக்காக இறக்காதே" என்றேன். எண்ணெயையும் மாற்றினான். முந்தையவர் புதுக் கார்களுக்கான மெல்லிய எண்ணெயை ஊற்றியிருந்தார். இந்தப் பழைய இடைவெளிகளுக்கு 20டபிள்யூ-50 போன்ற கெட்டியான எண்ணெய்தான் பொருந்தும். ஸ்ப்ளிட் பின்னைப் புதிதாக வாங்கி ஓட்டையில் தொங்கவிட்டான். அடியில் ஒரு தட்டு வைத்திருக்கிறான், சேரும் எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல் நகராட்சிச் சேகரிப்பு மையத்தில் கொடுக்கிறான்.

கணக்கும் எடுத்தான். நவம்பரில் இரவுக்கு 60 சொட்டுக்கு மேல். இப்போது 8, 9. இருபது சொட்டு ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர். அப்படியென்றால் வருடத்துக்கு 160 மில்லி, ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் குறைவு. நான்கு லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும் இன்ஜினுக்கு அது ஒன்றுமே இல்லை. கராஜ்காரருக்கு அவன் கொடுக்க இருந்த பணத்தில் இந்த ஜூலையில் குடும்பத்தோடு ஊருக்கு வருகிறான்.

பாய் காலமாகி இருபது வருடம் ஆகிறது. போன மாதம் விசாரித்துக்கொண்டு போனேன். அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் அவர் மகன் டூவீலர் வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கிறார். என்னை அடையாளம் தெரியவில்லை. யார் என்று சொல்லி, அன்று நடந்ததைச் சொல்லி, இன்ஜின் படத்தைப் போனில் காட்டி, "உங்க அப்பா சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு" என்றேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அந்த மரையைப் பார்த்தார். "வாப்பா இதைச் சொல்லிக்கிட்டே இருப்பாரு சார். நாங்களும் நம்பல" என்று சொல்லிவிட்டு, உள்ளே பார்த்து இரண்டு டீ சொன்னார்.